நீளக் குழாயும் ஈஜிபுரா ஹம்ப்பும்

எனக்குக் கார் ஓட்டத் தெரியும். என் மனைவிக்குக் கார் ஓட்ட வரும். ராகம் தெரிந்தவனுக்கும் பாட்டு வருகிறவனுக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, எங்கள் இருவருக்கும் நடுவே அவ்வளவு தூரம். நான் இன்ஜின் பற்றிய வீடியோக்களை வாய் பிளந்து பார்ப்பவன், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் விளக்குபவன். அவள் சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

வாரநாட்களில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கிற பெண்தான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு ஆள். பெங்களூருக்கு வெளியே, அத்திபெலே தாண்டி ஒரு காலி மைதானத்தில், செம்மண்ணில் ஆரஞ்சு கோன்களை நட்டுவைத்து, ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் எடுப்பார்கள். கோனை இடிக்காமல் யார் சீக்கிரம் சுற்றி வருகிறார்களோ அவர்களுக்கு ஒரு கோப்பை. எங்கள் வீட்டில் அப்படிச் சில கோப்பைகள் இருக்கின்றன. ஒன்றில் அம்மா ஊதுபத்தி குத்தி வைத்திருக்கிறாள். என் மனைவி ஓட்டுவதும் பந்தயத்துக்கென்று வளர்த்த வண்டி இல்லை. ஈஜிபுராவில் எங்கள் வீட்டு முன்னால் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும் பழைய பெட்ரோல் கார், காய்கறிக்கும் கல்யாணத்துக்கும் போகிற அதே கார்.

ஓட்டும்போது அவள் மீட்டரைப் பார்க்க மாட்டாள். கண் முழுக்கக் கோன் மேல் இருக்கும். எப்போது கியர் மாற்ற வேண்டும் என்பதை இன்ஜின் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பாள். சத்தம் ஏறிக்கொண்டே போய் ஓர் இடத்தில் கெஞ்சும், அங்கே மாற்ற வேண்டும் என்பாள். எனக்கு எந்தக் கெஞ்சலும் கேட்டது இல்லை. பக்கத்து சீட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிடுகிறவனுக்கு எது கேட்கும்?

விஷயத்தை முதலில் காட்டிக்கொடுத்தது குக்கர். பருப்பு வைத்துவிட்டு அவள் பக்கத்திலேயே வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். விசில் மேல் விசிலாக அடித்தது. கூடத்திலிருந்து நானும் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தோம், அவள் திரும்பவே இல்லை. தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் பதறி அடுப்பை அணைத்தாள். "ஏதோ நெனப்புல இருந்துட்டேன் அத்தை" என்று அம்மாவிடம் சொன்னாள். அன்றிலிருந்து குக்கர் ஏறினாலே அம்மா சமையலறை வாசலில் போய் நிற்க ஆரம்பித்தாள், அடுப்பைத் தானே அணைத்தாள். "உங்கம்மா என்னை நிம்மதியா சமைக்க விடறதில்ல" என்று இவள் என்னிடம் குறைபட்டாள். எந்த வீட்டில்தான் இது இல்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

அழைப்பு மணியும் அவளுக்குக் கேட்காமல் போனபோதுதான் சந்தேகம் வந்து, அம்மாவுக்குத் தெரியாமல் காது டாக்டரிடம் போனோம். அவர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். படத்தின் இடப்பக்கம் கோடு நன்றாகத்தான் வந்தது. வலப்பக்கம் போகப் போக, படிக்கட்டில் கால் தவறினவன் மாதிரி தடதடவென்று கீழே இறங்கியிருந்தது. தடித்த சத்தங்கள் அவளுக்குக் கேட்கின்றன, கீச்சென்ற சத்தங்கள் போய்க்கொண்டிருக்கின்றன என்றார். குருவி, குக்கர் விசில், சின்னக் குழந்தைகளின் பேச்சு. இப்படியே நிற்கலாம், இன்னும் குறையலாம் என்றார். இவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "வண்டி ஓட்டலாமா டாக்டர்?" ஹார்ன் கேட்கிறதல்லவா, தாராளமாக ஓட்டலாம் என்றார். அவர் நினைத்த ஓட்டம் வேறு.

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சொன்னால் திருப்பதி வரைக்கும் வேண்டுதல் போகும், வண்டிச் சாவி பீரோவுக்குள் போகும் என்று பயந்தாள்.

அடுத்த ஞாயிறு மைதானத்தில் வண்டி விக்கியது. இன்ஜினை ஓர் அளவுக்கு மேல் முறுக்கினால் அது தானாகவே மூச்சைப் பிடித்துக்கொள்ளும், கெட்டுப்போகாமல் இருக்கக் கம்பெனி வைத்த பூட்டு அது. கியர் மாற்ற வேண்டிய இடம் தெரியாமல் ஒவ்வொரு நேர்கோட்டிலும் அவள் அந்தப் பூட்டில் போய் முட்டினாள். முடித்துவிட்டு ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள்.

"ஒரு எடத்துக்கு மேல சத்தமே வரலீங்க. வண்டி அப்படியே காணாமப் போயிடுது. நான் மட்டும் தனியா உக்காந்துட்டிருக்கற மாதிரி இருக்கு."

இந்த சீசனோடு விட்டுவிடுகிறேன் என்றாள். புடவைக் கடையில் ஒரு புடவையை வேண்டாமென்று மடித்து வைக்கிற அதே குரலில் சொன்னாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இவள் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டது இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தான்.

செய்ய முடிந்ததைச் செய்து பார்த்தோம். காதுக் கருவி ஹெல்மெட்டுக்குள் போனதும் ஊய்யென்று ஊளையிட்டது. கியர் மாற்றும் நேரத்தில் எரிகிற சின்ன விளக்கு ஒன்றை டாஷ்போர்டில் ஒட்டினேன். உச்சி வெயிலில் அது எரிகிறதா தூங்குகிறதா என்றே தெரியவில்லை. "வெளக்கப் பாத்து ஓட்டினா சிக்னல்ல நிக்கற மாதிரி இருக்குங்க" என்று பிய்த்துக் கையில் கொடுத்தாள். அப்போதுதான் மைதானத்துக்கு வரும் ஒருவர், ஹெடரை மாற்றிப் பாருங்கள், இன்ஜின் குணமே மாறும் என்றார்.

இன்ஜினில் எரிந்த புகை வெளியே வருகிற முதல் குழாய்கள்தான் ஹெடர். நான்கு சிலிண்டருக்கு நான்கு குழாய், போய் ஒன்றாகச் சேரும். முழங்கை நீளத்தில் சட்டென்று சேர்ந்துவிட்டால் அது ஷார்ட்டி. நான்கும் தனித்தனியாக இறங்கி, வண்டிக்கு அடியில் வெகுதூரம் ஓடி, அப்புறம் சேர்ந்தால் லாங் டியூப். வீடியோ பார்க்கும் ஜாதியில் இதைப் பற்றிச் சண்டை போடாதவர்கள் கிடையாது. நான் ஷார்ட்டி கட்சி. இருக்கிற இடத்திலேயே பொருந்தும், புகையைச் சுத்தம் செய்கிற டப்பாவை இடம் மாற்ற வேண்டாம், முக்கியமாகத் தரையில் இடிக்காது. எங்கள் தெருவில் ஹம்ப் என்கிற வேகத்தடையைப் போடுகிறவர்கள் குழந்தைக்குச் சோறு உருட்டுகிற மாதிரி ஆசை ஆசையாய்ப் போடுவார்கள். அதில் நீளக் குழாயோடு ஏறுவது சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது என் கருத்து.

அத்திபெலேயில் குழாய் வளைத்து வெல்டிங் செய்கிறவரின் ஷெட்டுக்குப் போனோம். கன்டோன்மெண்ட் பக்கத்துத் தமிழர். தாத்தா காலத்திலிருந்தே பெங்களூர். நாங்கள் ஆரணிக்காரர்கள் என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறினார், ஆனால் கன்னடம் பாதி வழியில் இறங்காமல் கூடவே வந்தது. அவரும் என் கட்சிதான்.

"பேடா சார், வேணாம். லாங் டியூப் ரோட்டு வண்டிக்கு ஆவாது. ஹம்ப்புல ஒரு தபா உக்காந்துச்சுன்னா கத முடிஞ்சுது. அப்புறம் பைப்ப தூக்கினு வந்து என்னாண்ட சண்டை போடுவீங்க. நான் பாக்காத சண்டையா?"

"ரெண்டுக்கும் சத்தத்துல என்ன வித்தியாசம்?" என்று அவள் கேட்டாள்.

அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். எல்லோரும் எவ்வளவு பவர் கூடும் என்றுதான் கேட்பார்களாம். அப்புறம் தரையில் சாக்பீஸால் நான்கு கோடு இழுத்துக் காட்டினார். ஒரு சிலிண்டரின் புகை குழாயில் பாய்ந்து போகும்போது தனக்குப் பின்னால் ஒரு வெற்றிடத்தை விட்டுவிட்டுப் போகிறது. குழாய்கள் சேரும் இடத்துக்கு அது வந்ததும், அந்த வெற்றிடம் பக்கத்துச் சிலிண்டரின் புகையை 'வா' என்று இழுக்கிறது. இழுக்கிற நேரம் சரியாக அமைந்தால் இன்ஜினுக்கு மூச்சு விடுகிற வேலை பாதி மிச்சம். குழாய் குட்டையாக இருந்தால் இன்ஜின் தலைதெறிக்கச் சுற்றும்போதுதான் அந்த நேரம் சரியாக அமையும். நீளமாக இருந்தால் அதற்கு வெகு முன்னாலேயே, நடுத்தர வேகத்திலேயே அமைந்துவிடும்.

இதையெல்லாம் நான் நூறு வீடியோவில் பார்த்திருக்கிறேன். இருந்தும் அந்த சாக்பீஸ் கோடுகளின் முன்னால் குந்தியிருந்தபோது உடம்பு சிலிர்த்தது. நான் தினமும் ஆபீஸ் போகிற வண்டிக்குள், கண்ணுக்குத் தெரியாமல், வெளியே போகிற ஒவ்வொரு மூச்சும் அடுத்த மூச்சைக் கைபிடித்து அழைத்துப் போகிறது. சில்க் போர்டு சிக்னலில் நான் எல்லோரையும் திட்டிக்கொண்டு நிற்கும்போதுகூட உள்ளே அது நடந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. எத்தனை வருஷம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன்!

அன்றைக்கு ஷெட்டில் எங்கள் வண்டி மாதிரியே இரண்டு வண்டிகள் இருந்தன. ஷார்ட்டி போட்டது ஒன்று, அவருடைய சொந்த வண்டி லாங் டியூப். பின்னால் மனை பிரித்து ரோடு மட்டும் போட்டு, வீடு வராத ஒரு லேஅவுட். ஓட்டிப் பாருங்கள் என்று சாவிகளைக் கொடுத்தார்.

முதலில் ஷார்ட்டி. நல்ல வண்டி. மேலே போகப் போகச் சூடு பிடித்து, உச்சத்தில் ரம்பம் மாதிரி கத்தியது. எனக்குப் புல்லரித்தது. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் பார்த்த அதே முகம். வண்டி எங்கே அழகாகிறதோ, சரியாக அங்கேதான் அவளை விட்டுவிட்டுப் போயிருந்தது.

அடுத்தது லாங் டியூப். கிளப்பியதுமே சத்தம் காதுக்கு முன்னால் இடுப்புக்கு வந்தது. சீட்டுக்கு அடியில் யாரோ பெரிய தவிலை உருட்டுகிற மாதிரி. அவள் ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். பாதி வேகத்திலேயே வண்டி முதுகில் கை வைத்துத் தள்ளியது, கூடவே ஒரு கனத்த உறுமல் எழுந்தது. அவள் கை கியருக்குப் போனது. தயக்கமே இல்லை. இரண்டு. மறுபடி உறுமல், கை. மூன்று. பழைய கை, கோப்பைகள் வாங்கிக்கொடுத்த கை. நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு முறையும் முள் ஒரே இடத்துக்கு வரும்போது மாற்றினாள், அவள் மீட்டர் பக்கமே திரும்பவில்லை.

லேஅவுட்டின் கோடியில் நிறுத்தினாள். இரண்டு கையும் ஸ்டியரிங் மேலேயே இருந்தன.

"கேக்குதுங்க" என்றாள். "எங்க மாத்தணும்னு அதுவே சொல்லுது."

ஒரு குழாயை நீட்டுவதால் ஒரு மனுஷிக்கு அவள் தொலைத்தது திரும்பக் கிடைக்கும் என்று எந்த வீடியோவும் எனக்குச் சொன்னதில்லை. ஷார்ட்டி கட்சியிலிருந்து அந்த இடத்திலேயே ராஜினாமா செய்தேன்.

குழாய் செய்வதைப் பார்க்க ஒரு நாள் லீவு போட்டேன். நான்கும் நான்கு விதமாக வளைய வேண்டும், ஆனால் நான்கும் ஒரே நீளம் இருக்க வேண்டும். வளைந்த குழாய்க்கு டேப் பிடிப்பது எப்படி? அவர் ஒரு டப்பாவிலிருந்து ராகியை எடுத்தார். முதல் குழாயின் அடியை அடைத்து, விளிம்பு வரை ராகி கொட்டினார். அதே ராகியை இரண்டாவது குழாயில் கொட்டினார். கொஞ்சம் மிஞ்சியது, அதனால் குழாய் குட்டை என்று தெரிந்தது. ஒரு துண்டு ஒட்டி மறுபடியும் கொட்டினார். வெவ்வேறு பக்கம் முறுக்கிக்கொண்டு நின்ற நான்கு குழாய்களிலும் கடைசியில் அதே ராகி விளிம்போடு விளிம்பாக நின்றது. கும்பிடலாம் போல இருந்தது.

மாட்டி முதல் தடவை கிளப்பியபோது உள்ளே எங்கோ ஒட்டியிருந்த தானியங்கள் பொரிந்து, பின்னால் புகைக்குழாய் வழியாகப் பட்பட்டென்று தெறித்தன. ஷெட் முழுக்க வறுத்த ராகி வாசனை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெல்டிங்காரர் வண்டிக்கு அடியில் நான்கு விரலை விட்டுக் காட்டி, தரைக்கு இவ்வளவு இடைவெளி இருக்கிறது, பயப்படாதீர்கள் என்றார்.

நாங்கள் செய்த தப்பு அங்கேதான். காலி வண்டியில் அளந்தோம். ஆரணிக்காரன் கார் என்றைக்குக் காலியாகப் போயிருக்கிறது?

ஊரிலிருந்து சித்தியும் சித்தப்பாவும் வந்திருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். அரிசி மூட்டையோடு வந்திருந்தார்கள். ஒரு மூட்டை எங்களுக்கு, இரண்டு மல்லேஸ்வரத்தில் இருக்கும் அவர்கள் மகள் வீட்டுக்கு. அந்த இரண்டையும் டிக்கியில் ஏற்றி, ஐந்து பேரும் ஏறிக் கிளம்பினோம். முதல் ஹம்ப்பிலேயே அடியில் 'கரக்'கென்று ஒரு சத்தம். இரும்பை எலும்பில் தேய்த்த மாதிரி இருந்தது. டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வேறு வழியில்லை. ஓட்டிய என் மனைவியைத் தவிர நான்கு பேரும் இறங்கி, ஹம்ப்பை நடந்து கடந்து, அந்தப் பக்கம் போய் ஏறிக்கொண்டோம். அடுத்த ஹம்ப்பிலும் அப்படியே. மெயின் ரோடு வருவதற்குள் எங்கள் குடும்பத்தைத் தெருவே வேடிக்கை பார்த்து முடித்திருந்தது.

அம்மாவுக்கு வந்ததே கோபம்! "இன்னாடா இது கூத்து? காசு குட்த்து காரு வாங்கி நடந்து போறதா? மொதல்ல அந்தக் கொழாய கழட்டிப் போட்டுட்டு பழசையே மாட்டு."

இவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். என்ன சொல்வேன்? வாயைத் திறந்தால் காது விஷயம் வந்துவிடும். பார்க்கிறேன் அம்மா என்று முனகினேன். அந்த வாரம் முழுக்க அம்மா விடவில்லை. சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போதெல்லாம் குழாயும் வந்தது. "கழட்டிடலாங்க. வீட்டு வண்டி தானே" என்று கடைசியில் இவளே சொல்லிவிட்டாள். மறுபடியும் புடவையை மடிக்கிற அதே குரல். வருகிற ஞாயிறு ஒரு தடவை ஓட்டிவிட்டுக் கழற்றலாம் என்றேன். "அப்பிடி இன்னாதான் கீது அங்க, நானும் வந்து பாக்கறேன்" என்று அம்மாவும் கிளம்பினாள்.

மைதானத்தில் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். என் மனைவியின் முறை வந்தது. கொடி இறங்கியதும் அந்த உறுமல் செம்மண் வழியாக வந்து எங்கள் நாற்காலிக் கால்களில் ஏறியது. முதல் வளைவு. புழுதிக்குள் வண்டி காணாமல் போய், மறுபுறம் கோனை உரசாமல் வெளியே வந்தது. உறுமல் ஏறியது, ஒரு கணம் விட்டது, மறுபடி ஏறியது. எங்கேயும் விக்கல் இல்லை. எங்கே கெஞ்சுகிறது என்று வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கும் கேட்டது. கெஞ்சுகிற ஒவ்வொரு இடத்திலும் அவள் இருந்தாள். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நான் பிரமித்துப்போய் நின்றேன், வேறு சொல் இல்லை. அன்றைக்குக் கோப்பை வேறு யாருக்கோ போனது.

அம்மா நாற்காலியை விட்டு அசையவில்லை. முடிந்த பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அந்தக் கொழா சத்தத்த வெச்சுத்தான் அவ ஓட்டறாளா?"

"ஆமாம்மா" என்றேன்.

திரும்பும் வழியில் அத்திபெலேயில் அம்மா ஒரு மூட்டை வெங்காயம் வாங்கினாள். டிக்கியில் மாற்று டயர்கள், அதன் மேல் வெங்காயம். எங்கள் தெருவின் முதல் ஹம்ப் வந்தது. அவள் வேகத்தைக் குறைத்து, நான் இறங்குவதற்காக என்னைப் பார்த்தாள். அதற்குள் பின்கதவு திறந்துவிட்டது. முதலில் இறங்கியது அம்மா.

நானும் இறங்கினேன். தெருவோரம் இருவரும் நின்றோம். வண்டி மெதுவாக, பிள்ளைத்தாச்சி மாதிரி, ஹம்ப்பில் ஏறிக்கொண்டிருந்தது.

"கொழாய கழட்டாத" என்றாள் அம்மா.

"அம்மா, அவளுக்கு..."

"குக்கரு தீஞ்ச அன்னிக்கே தெரியும்டா. அவளா சொல்லட்டும்னு இருந்தேன். அந்தக் கொழா உறுமறது அவளுக்குக் கேக்குதுன்னு இன்னிக்கித்தான் தெரிஞ்சிது."

சமையலறை வாசலில் அம்மா நின்ற நாட்களெல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்தன. குறுக்கே வருகிறாள் என்று நாங்கள் நினைத்த நாட்கள். வண்டி இடிக்காமல் இறங்கி, அந்தப் பக்கம் போய் உறுமிக்கொண்டு எங்களுக்காக நின்றது. அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹம்ப்பில் கால் வைத்தாள்.

"வண்டிய அவ பாத்துக்கட்டும். விசில நான் எண்ணிக்கறேன்."